நாற்பதுக்கு ஒன்பது குறைவு

1

பல்கலைக்கழகப் புல்வெளியில் வரிசையாகக் கூடாரம் போட்டிருந்தார்கள். மலையேறுவோர் சங்கம், நாடகச் சங்கம், விவாதச் சங்கம், சீஸ் சாப்பிடுவோர் சங்கம். சத்தியமாக அப்படியும் ஒன்று இருக்கிறது. மேசைக்கு மேசை ஒரு கிண்ணம் சாக்லேட். வருஷத் தொடக்கத்தில் புதுசாக வரும் மாணவர்களைப் பிடித்து ஏதாவது ஒரு சங்கத்தில் சேர்த்துவிடுவதற்காக நடக்கும் திருவிழா இது. நான் மூன்றாவது மேசையில் ஒரு நோட்டீஸை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு பையன் ரொம்ப மரியாதையாகச் சொன்னான், "பெற்றோருக்கான கூடாரம் அந்தப் பக்கம் இருக்கிறது."

"நான் மாணவி" என்றேன்.

அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது. பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கு நாற்பத்தாறு வயது. நியூசிலாந்தின் தென்கோடியில் இருக்கும் இந்தச் சின்ன நகரத்துக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. என் கணவர் மனோகர் பால்பவுடர் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். நான் பதினோரு வருஷம் முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கை மாற்றிக்கொண்டிருந்தேன். போன வருஷம் சமூகப்பணிப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். ஊரிலிருப்பவர்கள் "இந்த வயசுல இன்னாத்துக்குப் படிப்பு?" என்று கேட்பதற்கு முன்னால் நானே என்னைக் கேட்டுப் பார்த்தேன்.  பதிலை யோசிப்பதற்குள் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன்.

படிப்பில் பிரச்சினை இல்லை. பிரச்சினை வேறு இடத்திலிருந்து வந்தது. இரண்டாம் வருஷத்தின் நடுவில் எங்களைக் களப்பயிற்சிக்கு அனுப்புவார்கள். ஊர் மருத்துவமனையில் இரண்டே இடம். அதில் ஒன்று எனக்கு என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். ஆனால் அதற்குப் போக, வகுப்புக்கு வெளியே நாற்பது மணி நேரம் மாணவர் செயல்பாடு ஏதாவது ஒன்றில் வேலை செய்து, கையெழுத்து வாங்கி, பருவம் முடியும் வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த வருஷம்தான். பத்தொன்பது வயசுப் பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் போனால் போகிறது. எனக்கு அப்படி விட்டுக்கொடுக்க வருஷம் கையில் இல்லை.

என் மகள் ஷாலினியும் இதே பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம்தான். அவள் நாலு சங்கத்தில் இருக்கிறாள். "உன் சங்கம் ஏதாவது ஒன்றில் என்னையும் சேர்த்துவிடேன்" என்று கேட்டேன். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, ப்ளீஸ். வேற எதாவது பாரேன். அப்புறம் காம்பஸ்ல என்னைப் பாத்தா கத்திக் கூப்பிடாத. கைய ஆட்டு, போதும்."

சரி தாயே என்று விட்டுவிட்டேன்.

2

உத்திரமேரூர், செய்யாறு, வந்தவாசிப் பக்கத்திலிருந்து கல்லூரிக்குப் போகிற பெண்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊர் பெருநகர் என்ற கிராமம். நான் படித்தது காஞ்சிபுரத்தில். எனக்கு பஸ் நாலு பத்துக்கு. அதை விட்டால் அடுத்தது ஆறரைக்கு. ஆறரை பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்ணைப் பற்றி, அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் தெருவில் ஒரு கதை தயாராகியிருக்கும்.

பேச்சுப் போட்டி, நாடக ஒத்திகை, கம்ப்யூட்டர் வகுப்பு எல்லாமே நாலு மணிக்கு மேல்தான். என்.எஸ்.எஸ். முகாம் என்றால் ஏழு நாள் தங்க வேண்டும். என்.எஸ்.எஸ். மேடத்திடம் ஒரே ஒரு தடவை போய் நின்றேன். "வூட்ல வுடுவாங்களாம்மா?" என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்று வந்தவள், வீட்டில் கேட்கவே இல்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும். அப்புறம் வேலைக்கு விண்ணப்பம் போட்ட இடத்திலெல்லாம் 'இதர செயல்பாடுகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் அழகான கையெழுத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.

வீட்டில் சும்மா இருந்தேனா என்றால், இல்லை. எங்கள் நைனா ரேடியோ செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கூழ் வார்ப்பது, சர்ச் திருவிழா, கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் எங்கள் செட்டுதான் போகும். நிலம் நீச்சு எதுவும் இல்லாத குடும்பம் எங்களுடையது. இரண்டு ஆம்ப்ளிஃபயரும் நாலு குழாய் ஸ்பீக்கரும்தான் சோறு போட்டன. ஆம்ப்ளிஃபயர் கொர்ரென்று இரைந்தால், குழாய்க்குள் இருக்கும் கம்பிச்சுருள் போய்விட்டால், நைனா அதைத் தூக்கிவந்து சமையல்கட்டில் என் பக்கத்தில் வைப்பார். "சும்மா ஒரு கை புடிம்மா" என்பார். நான் ஈயம் வைத்து, ஒயரை மாற்றி, சரிசெய்து கொடுப்பேன். யாராவது கேட்டால், "காஞ்சிபுரத்துல குடுத்து ரெடி பண்ணேன்" என்று சொல்லிவிடுவார். செட்டு கட்டுகிற இடத்துக்கு மட்டும் என்னைக் கூட்டிப்போனதே இல்லை. பெண்பிள்ளை ஒயரைப் பிடித்துக்கொண்டு பந்தலில் நின்றால் நன்றாகவா இருக்கும்?

இப்போது தம்பி அதே தொழிலை டிஜே பாக்ஸ், கலர் லைட்டு என்று ஜாம்ஜாமென்று நடத்துகிறான். ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரில் அவன் மனைவிதான் உட்காருகிறாள். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது, பொய் எதற்கு?

3

கூடாரத் திருவிழாவில் கடைசி மேசையில் சாக்லேட் கிண்ணம் இல்லை. ஒயர் மட்டும் சுருட்டிச் சுருட்டிக் கிடந்தது. பல்கலைக்கழக நிகழ்ச்சிகளுக்கு ஒலி, ஒளி அமைக்கும் மாணவர் குழு அது. பின்னால் நின்றிருந்த பெண் பெயர் ஹேனா, குழுத் தலைவி, இருபது வயது, செம்மறி ஆட்டுப் பண்ணையில் வளர்ந்தவள். "முன் அனுபவம் உண்டா?" என்று கேட்டாள்.

"எனக்கு ஸ்பீக்கர் கட்டத் தெரியும்" என்று ஊர் ஞாபகத்தில் அப்படியே இங்கிலீஷில் சொல்லிவைத்தேன். முதல் நாள் வேலைக்குப் போனபோது அந்தப் பெண் எனக்காக ஒரு முழம் நல்ல கயிறு எடுத்து வைத்திருந்தாள். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. வெளிநாட்டுக்காரி, என்ன வழக்கமோ என்று விட்டுவிட்டாள் போலிருக்கிறது.

அங்கே ஸ்பீக்கரைக் கட்டுவதில்லை, முக்காலிக் கம்பத்தில் சொருகுகிறார்கள். அதை ஒரு நாளில் பழகிக்கொண்டேன். இரண்டாவது வாரம் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர் இரைந்தது. தூக்கிப் போட்டுவிடலாம் என்றார்கள். எனக்கு வந்ததே கோபம்! கழற்றிப் பார்த்தால் ஒரே ஒரு ஒயர் விட்டிருந்தது. ஈயம் வைத்துக் கொடுத்தேன். நாலு பிள்ளைகள் சுற்றி நின்று நான் ஏதோ அறுவை சிகிச்சை செய்வதுபோல வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மே மாதக் கடைசிக்குள் முப்பத்தொரு மணி நேரம் சேர்ந்துவிட்டது. மிச்சம் ஒன்பது. பருவத்தின் கடைசி நிகழ்ச்சி ஒரு சனிக்கிழமை மதியம், புல்வெளியில் பாட்டும் நகைச்சுவையும். ஏற்பாடு முதல் மூட்டை கட்டுவது வரை சரியாக ஒன்பது மணி நேர வேலை. ஹேனா என்னிடம், "ஸ்பீக்கர் முழுக்க உங்கள் பொறுப்பு. நான் மிக்சரைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பொதுநிகழ்ச்சிக்கு என் கையால் செட்டு. நைனாவுக்குக்கூடச் சொல்லவில்லை. முடிந்ததும் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

4

எங்கள் பக்கத்தில் குழாய் ஸ்பீக்கரைப் பந்தலைப் பார்த்து வைக்க மாட்டார்கள். பந்தலில் இருப்பவன்தான் வந்துவிட்டானே, அவனுக்கு எதற்கு? அவனுக்கென்று உள்ளே ஒரு சின்ன பாக்ஸ் போதும். குழாய் ஊருக்கு. ஒன்று உத்திரமேரூர் ரோட்டைப் பார்த்து, ஒன்று ஆற்றைப் பார்த்து, இரண்டு ஏரிப் பக்கம். அக்கரையில் நாற்று நடுகிறவர்களுக்கும் இன்றைக்கு இன்னார் வீட்டில் கல்யாணம் என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மறுநாள் செட்டுக்காரனைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

நான் செட்டு கட்டப் போனதே இல்லை என்றாலும் எது எந்தத் திசை என்று அத்தனை வருஷம் காதால் கேட்டு வளர்ந்தவள். புல்வெளியின் நாலு மூலையிலும் முக்காலியை நட்டு, நாலு ஸ்பீக்கரையும் அழகாக வெளிப்பக்கம் திருப்பி வைத்தேன். யோசித்தெல்லாம் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. செய்துவிட்டு நாலு பக்கமும் நடந்துபோய்த் திருப்தியாக வேறு பார்த்துவிட்டு வந்தேன்.

முதலில் மேடையேறியவன் நகைச்சுவைக்காரப் பையன். காதலி தன்னை விட்டுப் போன கதையையும் அவள் அம்மா வளர்க்கும் நாய் தன்னைக் கடித்த இடத்தையும் விலாவாரியாகச் சொல்லத் தொடங்கினான். புல்வெளியில் உட்கார்ந்திருந்தவர்கள் "கேட்கவில்லை" என்று கையைக் காட்டினார்கள். மிக்சரில் இருந்த ஹேனா ஒலியைக் கூட்டினாள். மறுபடி கையைக் காட்டினார்கள். மறுபடி கூட்டினாள். ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறது. மலையடிவாரத்துத் தெருக்களில், கடைத்தெருவில், வெள்ளை உடுப்போடு புல்தரையில் பந்து உருட்டிக்கொண்டிருந்த பாட்டிகளின் கிளப்பில், எல்லா இடத்திலும் அந்த நாய்க் கதை. காவலாளி அறைக்குப் பதினான்கு போன். புல்வெளியில் இருந்தவர்களுக்கு மட்டும் சரியாகக் கேட்கவில்லை.

கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"அம்மா! ஸ்பீக்கர் எல்லாம் திரும்பிக்கினு நிக்குதும்மா!"

ஷாலினி. தன் சிநேகிதர்கள் பத்துப் பேர் நடுவில் எழுந்து நின்று, தமிழில், தொண்டை கிழிய. எங்கிருந்து வந்ததோ அந்த 'திரும்பிக்கினு', வீட்டில் போனில் நான் பேசுவதைக் கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்டது. அவமானத்தின் நடுவிலும் எனக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வந்துவிட்டது.

5

சிரிப்பு திங்கட்கிழமை வரைதான். மாணவர் அலுவலகத்தில் நேரக் கணக்கைப் பார்ப்பவர் ரூத் என்ற அம்மாள். மிகவும் நல்லவர், அதே நேரம் விதியென்றால் விதி. எதிர்நாற்காலியில் என்னையும் ஹேனாவையும் உட்கார வைத்து, ஊராரின் புகார் நிரூபணமான நிகழ்ச்சிக்கு, அதற்குப் பொறுப்பானவரின் நேரம் கணக்கில் வராது என்று வாசித்தார். ஒன்பது மணி நேரமும் அடித்தாயிற்று.

"ஏன் வெளியே திருப்பினீர்கள்?" என்று கேட்டார்.

சொன்னேன். பந்தல், ஆறு, அக்கரை, எல்லாம் சொன்னேன். ரூத் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இதற்கு இந்தப் படிவத்தில் கட்டம் இல்லையே" என்றார்.

அந்த வாரத்தில் வேறு நிகழ்ச்சி கிடையாது. மருத்துவமனை இடம் கையைவிட்டுப் போனது என்று நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். ஹேனா எழவில்லை. நாய்க் கதையை ஊருக்கே ஒலிபரப்பிய குற்றத்தில் தனக்கும் பங்கு உண்டு என்று நினைத்தாளோ என்னவோ, அந்த விதிப் புத்தகத்தை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரி கிடைத்தது. இதே துறையில் முன்பு வேலை செய்திருந்தால், அதற்குப் பத்து மணி நேரம் வரை சேர்த்துக்கொள்ளலாம். அப்போது வேலை வாங்கியவர், மாணவர் என்ன வேலை செய்தார் என்று தன் கைப்பட எழுதி, முத்திரை வைத்துத் தர வேண்டும். எந்த மொழியிலும் இருக்கலாம். மொழிபெயர்ப்பை மட்டும் விண்ணப்பிப்பவர் செய்யக்கூடாது.

"உங்களிடம் வேலை வாங்கியவர் உயிரோடு இருக்கிறாரா?" என்று ஹேனா கேட்டாள்.

"நன்றாக இருக்கிறார்" என்றேன்.

6

அன்று பிற்பகலே கூப்பிட்டேன். அங்கே காலை.

"இன்னாம்மா, நாஷ்டா ஆச்சா?"

"நைனா, இங்க மூணு மணி. நாஷ்டா எல்லாம் எப்பவோ ஆச்சி. எனக்கு ஒரு லெட்டர் வோணும்."

"இன்னா லெட்டரு?"

"நான் நம்ம செட்டுல இன்னா வேல, எத்தினி மணி நேரம் செஞ்சேன்னு எழுதி, சீல் வச்சித் தரணும். காலேஜ்ல கேக்கறாங்க."

 பின்னால் தம்பி யாரோடோ ஜெனரேட்டர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

"நீ எங்கம்மா செட்டுல வேல செஞ்ச? வூட்ல கூடமாட ஒத்தாச பண்ண. அத்தப் போயி வேலன்னு எழுதச் சொல்றியே. கவர்மெண்டு ஆபீசுக்கு, அதுவும் வெளிநாட்டுக்குப் பொய் எழுதி அனுப்பறதா?"

"பொய்யா நைனா அது?"

"பின்ன இன்னா? மரம் ஏறி கட்னது நானு, ஆளுங்க. அப்பால ஏதாவது பேஜாராய்டப் போவுது. நமக்கு வோணாம்மா."

 நாற்பத்தாறு வயதில், பிள்ளை பெற்று வளர்த்து, உலகத்தின் மறுகோடியில் வந்து உட்கார்ந்திருக்கும் எனக்கு, ஒத்தாசை என்ற அந்த ஒரு வார்த்தையில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இடம் போனதுகூடப் பரவாயில்லை. அவர் இன்னமும் அதையே நம்புகிறாரே என்றுதான் ஆத்திரமாக இருந்தது. "சரி நைனா, வச்சிடறேன்" என்று வைத்துவிட்டேன். மனோகர் என்ன என்று கேட்டதற்கு அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

செவ்வாய் போனது. புதனும் போனது. நான் அடுத்த வருஷத்துக்கு மனதைத் தேற்றிக்கொண்டு, முதியோர் இல்லத்தில் கூடுதல் ஷிப்ட் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

7

வியாழக்கிழமை சாயங்காலம் தம்பியின் எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. எங்கள் ரேடியோ செட்டின் பழைய பில் புத்தகத்தில் ஒரு தாள், முன்னும் பின்னும் நிறைய எழுத்து, கீழே ஊதா முத்திரை இரண்டு தடவை குத்தியிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு. தம்பி ஒரு வரி சேர்த்திருந்தான்: 'மூணு நாளா எழுதி எழுதிக் கிழிச்சிக்கினு கீறாரு. யாரையும் இன்னான்னு கேக்கவுடல.'

மொழிபெயர்க்க ஷாலினி உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஆறு வருஷம் கற்றதை வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி, விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். நான் எதிரே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"வெளி... நாட்டு... கல்லூரி அம்மா அவர்களுக்கு வணக்கம். என் மகள் குமுதா எங்கள் செட்டில் வேலை செய்தாளா என்று கேட்டீர்கள். செய்தாள். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். எனக்குக் குழாய் கட்டத் தெரியும். கரண்டு வேலை தெரியாது. ஏழாவது படிக்கும்போதிலிருந்து ரிப்பேர் எல்லாம் அவள்தான் பார்த்தாள். அவளை யாரும் குறை சொல்லக் கூடாது, நல்ல இடத்தில் கட்டிக் கொடுக்க வேண்டும் என்று காஞ்சிபுரத்தில் கொடுத்து ரிப்பேர் செய்ததாக ஊரில் சொல்லி வந்தேன். காஞ்சிபுரத்தில் அப்படி ஒரு கடை கிடையாது."

ஷாலினி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "மேல படி" என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

"எத்தனை மணி நேரம் என்று கேட்டீர்கள். அந்தக் கணக்கு என்னிடம் இல்லை. அவள் கல்யாணத்தன்று காலையில் ஆம்ப்ளிஃபயர் புகைந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். கூரைப்புடவையோடு வந்து, சமையல்கட்டில் உட்கார்ந்து, சரிசெய்து கொடுத்துவிட்டு மணவறைக்குப் போனாள். அதற்கும் காஞ்சிபுரத்து ஆள் வந்தான் என்றேன். மாப்பிள்ளை இதைப் படித்தால் மன்னிக்கவும். செட்டு என் பேரில் இருந்தது. வேலை அவள் செய்தாள். இது உண்மை."

"அப்பா!" என்று ஷாலினி உள்ளறையைப் பார்த்துக் கூப்பிட்டாள். "உன் கல்யாணத்துக்கு அம்மாதான் ஆம்ப் ரிப்பேர் பண்ணாங்களாம், தெரியுமா?"

மனோகர் வந்து, தாளைப் பார்த்து, என்னைப் பார்த்து, "புடவையில சுட்ட மாதிரி ஒரு ஓட்டை இருந்ததே, அதுவா?" என்றார். இருபத்திரண்டு வருஷமாக அவர் கேட்காமல் வைத்திருந்த கேள்வி. நான் தலையை ஆட்டினேன். அழுகை நிற்கவில்லை. வெங்காயத்தின் மேல் பழிபோடவும் தோன்றவில்லை, நன்றாகவே அழுதேன்.

மறுநாள் ரூத் பத்து மணி நேரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மொத்தம் நாற்பத்தொன்று. ஜூலையில் மருத்துவமனைக்குப் போகிறேன். வெளியே வந்ததும் வராந்தாவில் நின்றே ஊருக்குப் போன் போட்டேன்.

"நைனா, லெட்டரு வந்துச்சி. எடுத்துக்கினாங்க. எடம் கெடச்சிடுச்சி."

"அப்படியா? நல்லதும்மா" என்றார். அப்புறம், யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல இத்தனை வருஷம் பேசிய மனுஷன், தொண்டையைச் செருமிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற குரலில் சொன்னார், "பத்தலன்னா சொல்லும்மா, இன்னொண்ணு எழுதறேன். எழுதறதுக்கு இன்னும் எவ்ளோ கீது."